சிறார் வார்டில் உருவாகும் மருந்தாளர்

குழந்தைக்கு மருந்து கொடுப்பது என்றால் பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாகவோ காலாகவோ உடைத்துக் கொடுப்பதுதான் என்ற எண்ணம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. படித்தவர்களிடமும் இருக்கிறது. மருந்தியல் பட்டப்படிப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடமும் அதன் சாயல் உண்டு என்றே நினைக்கிறேன். அவர்கள் படிக்கும் நூல்கள் பெரும்பாலும் எழுபது கிலோ எடையுள்ள ஒரு பெரியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சிறார் மருத்துவமனையில் அந்த எழுபது கிலோ மனிதர் இல்லை. ஒரு கிலோகூட எட்டாத குறைமாதக் குழந்தையும் தந்தையைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பதினைந்து வயதுப் பையனும் ஒரே கட்டடத்தில் படுத்திருக்கிறார்கள். அங்கே மருந்தியல் மாணவர் என்ன கற்கிறார், யாரிடம் கற்கிறார், அந்த வாய்ப்பு எல்லா மாணவருக்கும் கிடைக்க வேண்டுமா என்பவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

சிங்கப்பூரில் இவற்றைக் கேட்க ஏற்ற இடம் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, 1858-இல் கண்டாங் கெர்பாவ் வட்டாரத்தில் பொது மருத்துவமனையாகத் தொடங்கியது. 1924 அக்டோபர் 1-ஆம் தேதி இலவச மகப்பேற்று மருத்துவமனையாக மாறியது. 1966-இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஓராண்டில் ஒரே மருத்துவமனையில் நடந்த மிக அதிகமான பிரசவங்கள் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது. தேக்காவைச் சுற்றி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறைக்கு அதுவே பிறந்த இடம். 1997-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தபோது சிறார் சிகிச்சையும் சேர்ந்தது. இன்று எண்ணூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அது, சிங்கப்பூர்ச் சிறார்களுக்கான மிகப் பெரிய மருத்துவமனை. இதையடுத்துக் கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறார் பிரிவு இருக்கிறது. நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே நின்று மருந்தியல் கற்க இந்நாட்டில் இருக்கும் பெரிய பொது மருத்துவமனைகள் இவ்விரண்டும்தான்.

அந்த 1966-ஐ இன்றோடு வைத்துப் பார்த்தால் பயிற்சியின் சிக்கல் ஒன்று புரியும். இப்போது நாடு முழுவதிலும் ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளின் தொகை, அன்று கேகேயில் மட்டும் பிறந்தவர்களின் தொகையைவிடக் குறைவு. மொத்தக் கருவள விகிதம் 2023-இல் 0.97-க்கு இறங்கிவிட்டது. வீட்டிலும் உறவிலும் கைக்குழந்தையைத் தூக்கி வளராத இளைஞர்கள் மருந்தியல் படிக்க வருகிறார்கள். மறுபக்கம், முன்பு பிழைத்திருக்க முடியாத குறைமாதக் குழந்தைகளும் பிறவி இதய நோயுள்ள குழந்தைகளும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் இன்று பிழைத்து வளர்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் நீண்ட மருந்துப் பட்டியல் இருக்கிறது. குழந்தைகள் குறைந்தார்கள், ஒரு குழந்தைக்கு வேண்டிய மருந்தறிவு கூடியது.

குழந்தையின் உடல் வளர்கிற உடல் என்பதிலிருந்தே எல்லாச் சிரமமும் தொடங்குகிறது. பச்சிளங்குழந்தையின் சிறுநீரகம் முழுத்திறனுக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதனால் பெரியவருக்கு நாளுக்கு ஒருமுறை கொடுக்கும் ஜென்டமைசினை, குறைமாதக் குழந்தைக்கு 36 அல்லது 48 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். மூச்சு நின்று நின்று வரும் குறைமாதக் குழந்தைக்குக் காஃபீன் மருந்தாகத் தரப்படுகிறது. நாம் குடிக்கும் காப்பியின் காஃபீனில் பாதியை நம் உடல் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். அந்தக் குழந்தைக்கு அதே வேலைக்கு மூன்று நான்கு நாட்கள் ஆகும். கல்லீரலும் இப்படித்தான். 1959-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கைகளில், குளோராம்ஃபெனிகால் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தது பதிவாகியிருக்கிறது. அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதி அவர்கள் கல்லீரலில் இன்னும் முதிரவில்லை. 1982-இல் இன்னொரு பாடம் கிடைத்தது. ஊசிக்குழாயைக் கழுவப் பயன்பட்ட திரவத்தில் கெடாமல் இருக்கச் சேர்த்த பென்சைல் ஆல்கஹால், குறைமாதக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. மருந்தின் பெயரும் அளவும் தெரிந்தால் போதாது, புட்டிக்குள் கூட வரும் மற்றப் பொருள்களையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த மரணங்கள் காட்டின.

இத்தனைக்கும் பல மருந்துகள் குழந்தைகளிடம் முறையாகச் சோதிக்கப்படாமலேயே புழக்கத்துக்கு வந்தவை. மருந்தியலும் படித்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹாரி ஷிர்க்கி, 1960களில் இக்குழந்தைகளைச் சிகிச்சை உலகின் அனாதைகள் என்று அழைத்தார். உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டது 2007-இல்தான். பிரிட்டனில் குழந்தைகளுக்கான தனி மருந்துக் கையேடு 2005-இல் வந்தது. ஒரு நூற்றாண்டு நவீன மருத்துவத்தில் இவை மிகத் தாமதமாக வந்தவை என்பதே என் எண்ணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாணவர் தடுமாறும் இடம் இதுதான். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாரசிட்டமால் ஒருவேளைக்கு 180 மி.கி. ஐந்து மில்லியில் 120 மி.கி. உள்ள புட்டி என்றால் 7.5 மி.லி. ஐந்து மில்லியில் 250 மி.கி. உள்ள புட்டி என்றால் 3.6 மி.லி. இரண்டு புட்டிகளும் சிங்கப்பூர்க் கடைகளில் கிடைக்கின்றன. ஊரிலிருந்து வரும் பாட்டி பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100 மி.கி. கொண்டது, அதில் 1.8 மி.லி. போதும். ‘ஏழரை மில்லி’ என்று யாரோ சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை அளந்தால் குழந்தைக்கு 750 மி.கி. போய்விடும். நான்கு மடங்குக்கும் மேல். அதையே நாளுக்கு நான்கு முறை, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தால் கல்லீரல் பாழாகும்.

வீட்டில் நடக்கும் பிழை இது. வார்டில் நடப்பது பெரும்பாலும் புள்ளிப் பிழை. 0.5 என்பதை .5 என்று எழுத, புள்ளி மங்கி 5 ஆகிவிடும், அல்லது 5.0 என்று எழுத, அது 50 ஆகிவிடும். பெரியவருக்குப் பத்து மடங்கு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் பத்துப் புட்டிகளைத் திறக்க வேண்டியிருக்கும், கை தானாக நின்று யோசிக்கும். குழந்தைக்கான பத்து மடங்கோ பல நேரம் ஒரே புட்டிக்குள் இருக்கிறது; எதுவும் தடுக்காது. டிகாக்ஸின் போன்ற இதய மருந்தில் இது உயிருக்கே உலை வைக்கும். 2007-இல் அமெரிக்காவில் ஒரு நடிகரின் பச்சிளம் இரட்டையருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மில்லிக்கு 10 யூனிட் செல்ல வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் புட்டி போனது. லேபிள்கள் ஏறத்தாழ ஒரே நிறம். அந்தக் குழந்தைகள் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இண்டியானாபொலிஸில் இதே குழப்பத்தில் மூன்று குறைமாதக் குழந்தைகள் பிழைக்கவில்லை.

இதன் அளவை எண்களில் காட்டிய ஆய்வு 2001-இல் பாஸ்டனிலிருந்து வந்தது. இரண்டு பயிற்சி மருத்துவமனைகளில் 1,120 சிறார் நோயாளிகளுக்கு எழுதப்பட்ட 10,778 மருந்து ஆணைகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். 616 பிழைகள் கிடைத்தன. தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகளின் விகிதம், பெரியவர்களிடம் முன்பு கண்டதைப் போல மூன்று மடங்கு. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதன் இன்னொரு முடிவு: தீங்கு தரக்கூடிய அந்தப் பிழைகளில் 94 விழுக்காட்டை, வார்டிலேயே இருந்து பணியாற்றும் ஒரு மருந்தாளர் தடுத்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கணினியில் மருந்து எழுதும் முறைக்கும் ஏறக்குறைய அதே மதிப்பு கிடைத்தது. கணினியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். வார்டில் நிற்கத் தெரிந்த மருந்தாளரை வாங்க முடியாது. பயிற்றித்தான் உருவாக்க வேண்டும்.

மருந்தாளர் வார்டுக்குள் வந்ததே அண்மைக்காலக் கதை. நெடுங்காலம் அவர் கீழ்த்தளத்தில், கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் இருந்தார். 1966-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாம் மாடியில், அறுவை சிகிச்சை வார்டுக்குள்ளேயே மருந்தாளர்களை அமர்த்தி, அவர்களோடு மாணவர்களையும் நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைய மருத்துவமனைப் பயிற்சியின் வேர்களில் ஒன்று அந்த மாடிதான். சிங்கப்பூரில் மருந்தியல் கல்வி 1905-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியோடு சேர்ந்தே வளர்ந்தது. இன்று மருந்தாளர் பட்டம் தரும் ஒரே இடம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். அங்கே 2020-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம், முன்பு பட்டம் முடிந்த பிறகே கிடைத்த களப்பயிற்சியின் ஒரு பகுதியைப் படிப்புக்கு உள்ளேயே கொண்டுவந்தது. மருத்துவமனை, பலதுறை மருந்தகம், கடைத்தெரு மருந்தகம், மருந்துத் தொழில்துறை என்று மாணவர் சுற்றி வருகிறார். மீதிப் பயிற்சி பட்டத்துக்குப் பின் தொடர்கிறது. சிங்கப்பூர் மருந்தியல் மன்றத்தில் பதிவு பெற்ற பிறகே அவர் தனித்துப் பணியாற்றலாம். பட்டத்துக்குப் பிந்தைய ஃபார்ம்.டி. படிப்பும் உண்டு. நல்ல மாற்றங்கள்தான். படித்ததையும் பார்த்ததையும் ஒரே ஆண்டில் சேர்த்துக்கொள்ள மாணவருக்கு வழி பிறந்திருக்கிறது.

சிறார் வார்டில் மாணவரின் நாள் எடையில் தொடங்குகிறது. எடை எப்போது எடுக்கப்பட்டது, கிலோவிலா, நேற்றைய எடையா, அவசரப் பிரிவில் தோராயமாகச் சொன்ன எடையா என்று பார்க்காமல் எந்த அளவையும் சரிபார்க்க முடியாது. அடுத்து ஒவ்வாமை, பிறகு ரத்தப் பரிசோதனை, பிறகு குழந்தை வீட்டில் எடுத்துவந்த மருந்துகளுக்கும் இங்கே எழுதப்பட்டவற்றுக்கும் உள்ள வேறுபாடு. மருத்துவர்கள் படுக்கை படுக்கையாக வரும்போது மாணவர் பயிற்றும் மருந்தாளருக்குப் பின்னால் நிற்பார். முதல் சில நாட்கள் கேட்பதற்கே. பிறகு ஒரு நாள், ‘இந்த அளவு இந்த எடைக்குச் சரிதானா?’ என்று மருத்துவரிடம் அவரே கேட்க வேண்டியிருக்கும். இருபத்திரண்டு வயதில், மூத்த நிபுணரின் முன், பெற்றோரும் தாதியரும் பார்த்திருக்க அதைக் கேட்பது எளிதன்று. மரியாதை குறையாமல், ஆனால் பின்வாங்காமல் கேட்கும் அந்தத் துணிவை எந்த விரிவுரை மண்டபமும் தராது. நான் இப்பயிற்சியின் உச்சமாகக் கருதுவது அந்தக் கேள்வியைத்தான்.

மருந்து கலக்கும் அறையிலும் கற்க நிறைய இருக்கிறது. வாயால் உண்ண முடியாத குறைமாதக் குழந்தைக்கு உணவே ரத்தக் குழாய் வழியாகப் போகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள் எல்லாம் அந்தக் குழந்தையின் அன்றைய எடைக்கும் அன்றைய ரத்த அளவுக்கும் தக்கபடி கணக்கிடப்படுகின்றன. எலும்பு வளரக் கால்சியமும் வேண்டும், பாஸ்பேட்டும் வேண்டும். இரண்டும் அளவுக்கு மிஞ்சி ஒரே பையில் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத படிகங்களாகி ரத்தக் குழாயை அடைத்துவிடும். வேதியியல் வகுப்பில் வெறும் சூத்திரமாகப் படித்த கரைதிறன், இங்கே ஒரு குழந்தையின் நுரையீரலைக் காக்கும் கணக்காக மாறுகிறது. மாத்திரையாக மட்டுமே கிடைக்கும் மருந்துகளைப் பொடித்துத் திரவமாக்கும் வேலையும் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குத் தோன்றிய அடர்த்தியில் தயாரித்தால், ஓரிடத்தில் சிகிச்சை பெற்று இன்னோரிடத்தில் மருந்து வாங்கும் குழந்தைக்கு அளவு மாறிப்போகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இத்தகைய மருந்துகளுக்கு மாநிலம் முழுவதும் ஒரே அடர்த்தியை வகுத்துப் பரிந்துரைத்தது. எல்லா நாடும் பின்பற்றத் தக்க வழி அது.

பயிற்சி மாணவரை நம்பி எவ்வளவு விடலாம், எங்கே கையைப் பிடிக்க வேண்டும்? இக்கேள்விக்கு இரண்டு நிகழ்வுகள் பதில் சொல்கின்றன. இரண்டும் வலிக்கும் நிகழ்வுகள்.

முதலாவது, 1998-இல் இங்கிலாந்தின் செஷர் பகுதியில் நடந்தது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு வயிற்று உபாதை. மருத்துவர் எழுதிய பெப்பர்மின்ட் நீரை ஒரு மருந்துக் கடையில் கலந்து கொடுத்தார்கள். கலந்தவர் பதிவுக்கு முந்தைய பயிற்சியில் இருந்தவர். சேர்க்க வேண்டிய குளோரோஃபார்ம் நீருக்குப் பதிலாக, அதைப்போல இருபது மடங்கு செறிந்த மூல நீரை எடுத்துவிட்டார். மேற்பார்த்த மருந்தாளரும் அதைப் பிடிக்கவில்லை. குழந்தை இறந்தது. 2000-ஆம் ஆண்டு நீதிமன்றம் இருவருக்கும் அபராதம் விதித்தது. செறிவு என்ற ஒற்றைச் சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்காததன் விளைவு.

இரண்டாவது, 2006-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். புற்றுநோய் ஏறத்தாழக் குணமாகிவிட்ட இரண்டு வயதுச் சிறுமி. கடைசிச் சுற்று மருந்து. சாதாரண உப்புநீரில் கலக்க வேண்டியதை உதவியாளர் ஒருவர் 23.4 விழுக்காடு உப்புள்ள திரவத்தில் கலந்தார். மருந்தாளர் ஒப்புதல் கொடுத்தார். சிறுமி இறந்தாள். மருந்தாளர் சிறை சென்றார். 2009-இல் ஒஹையோ, மருந்தக உதவியாளர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. சிறைத் தண்டனை வேறொரு குழந்தையைக் காப்பாற்றாது என்பது என் நம்பிக்கை. அந்தச் சட்டம் காப்பாற்றக்கூடும். பிழை செய்தவரைத் தேடும் வேகத்தில் பிழைக்கு வழிவிட்ட முறையைத் திருத்த மறந்தால், அடுத்த மாணவரும் அதே இடத்தில் வழுக்குவார்.

ஆகவே பயிற்சியில் முதலில் வேண்டியது, தனித்தனியே இருவர் கணக்கிட்டுப் பிறகு ஒப்பிடும் பழக்கம். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் தலையசைத்து ஏற்பது சரிபார்ப்பு ஆகாது. மாணவர் விடையைப் பார்க்காமல் பயிற்றுநரும் கணக்கிட வேண்டும். இதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம்தான் எங்கும் கிடைப்பதில்லை. பயிற்றும் மருந்தாளர் நாள் முழுவதும் தன் நோயாளிகளைப் பார்த்தபடியே மாணவருக்கும் சொல்லித்தருகிறார். அவரது பணிப்பட்டியலில் கற்பித்தலுக்கென்று தனி மணி நேரம் ஒதுக்காத மருத்துவமனை, மாணவரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லலாமே தவிர, பயிற்றியதாகச் சொல்ல முடியாது.

இனி வார்டுக்கு வெளியே, சிராங்கூன் சாலைப் பக்கம் வருவோம். சிறார் மருந்தியலில் சிங்கப்பூருக்கே உரிய ஓர் அரிய வரலாறு உண்டு. 1950களிலும் 60களிலும் இங்கே பிறந்த குழந்தைகள் பலர் கடும் மஞ்சள் காமாலையால் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார்கள் அல்லது ஊனமடைந்தார்கள். ஜி6பிடி என்ற நொதி அவர்களில் பலருடைய ரத்தச் சிவப்பணுக்களில் குறைந்திருந்தது. குழந்தை மருத்துவர் வோங் ஹோக் பூன் முதலியோர், வீட்டில் கொடுக்கும் சில சீன மூலிகைகளும் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும் அந்தச் சிவப்பணுக்களை உடைத்து நோயைத் தூண்டுவதைச் சுட்டிக்காட்டினார்கள். 1965-இல் பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி சோதனை தொடங்கியது. உலகிலேயே முன்னோடியான திட்டங்களில் அது ஒன்று. பெர்பெரின் என்ற பொருளைக் கொண்ட அந்தச் சீன மூலிகைகளுக்கு 1978-இல் தடை வந்தது. சோதனையும் விழிப்புணர்வும் நிலைபெற்ற பின், வெகுகாலம் கழித்து, தடை படிப்படியாக நீங்கியது. மூளை பாதிக்கும் காமாலை இந்நாட்டில் அரிதாகிப் போனது.

சிங்கப்பூரில் பயிலும் மருந்தியல் மாணவர், ‘வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த வரலாறே காரணம். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான தாய்மார்கள் ‘ஒன்றுமில்லை’ என்றே சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று பொருளில்லை. வீட்டில் கொடுப்பதை அவர்கள் மருந்தாகவே நினைப்பதில்லை. தேக்கா அங்காடியைச் சுற்றியுள்ள கடைகளில் வசம்பும் ஜாதிக்காயும் கடுக்காயும் மாசிக்காயும் கிடைக்கின்றன. குழந்தையைக் குளிப்பாட்டியபின் அவற்றைக் கல்லில் உரசி நாக்கில் தடவுவது பல தமிழ் வீடுகளின் வழக்கம். ஓமத் தண்ணீர் உண்டு, கிரைப் வாட்டர் உண்டு, ஊரிலிருந்து வரும் கண்மை உண்டு. சில கண்மைகளில் ஈயம் இருப்பதை உலகின் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டியின் பெட்டிக்குள் அந்துருண்டை இன்னும் இருக்கிறது. ‘உரை மருந்து கொடுப்பீங்களாம்மா? குழந்தை துணி வைக்கிற பெட்டியில உருண்டை ஏதும் போட்டிருக்கீங்களா?’ என்று கேட்கத் தெரிந்த மாணவருக்குத்தான் உண்மையான பட்டியல் கிடைக்கும். கேட்கும்போது குரலில் ஏளனம் இருந்துவிட்டால் அடுத்த முறை அந்தத் தாய் எதையும் சொல்ல மாட்டார்.

தமிழ் இங்கே ஆட்சிமொழி. மலாயும் சீனமும் ஆங்கிலமும் அப்படியே. ஆனால் வார்டில் புழங்குவது பெரும்பாலும் ஆங்கிலம். மருந்துப் புட்டியின் லேபிளும் ஆங்கிலம். ஆங்கிலம் பேசும் தாய்க்கும், காய்ச்சலால் துவண்ட பிள்ளையை மடியில் வைத்திருக்கும் நேரத்தில், தாய்மொழியில் சொன்னால்தான் மனத்தில் நிற்கும். சொன்ன பிறகு, ‘நான் சொன்னதை நீங்க ஒருமுறை செய்து காட்டுங்க’ என்று அளவுக் குழலைத் தாயின் கையில் கொடுக்க வேண்டும். சிலர் பாலாடையில் ஊற்றிக் கொடுப்பார்கள். பாலாடைக்கும் தேக்கரண்டிக்கும் அளவு வீட்டுக்கு வீடு மாறும். அளவுக் குழலில் கோடு வரைந்து, அந்தக் கோடுவரை என்று காட்டிவிட்டால் பாதிப் பிழை அங்கேயே தீரும். தமிழ் பேசும் மாணவர்கள் இதில் மற்றவர்களுக்கும் கற்றுத்தரலாம். மருந்து அளவு, நேரம், பக்க விளைவு ஆகியவற்றை நான்கு மொழிகளிலும் சொல்லத் தேவையான நூறு வாக்கியங்களை எல்லா மருந்தியல் மாணவர்க்கும் பாடமாக்கினால் அதற்குப் பெரிய செலவு ஆகாது.

தமிழ்நாட்டின் நிலையையும் பார்ப்பது நமக்குப் பயன்படும். இந்தியாவில் மருந்தியல் கல்வி நெடுங்காலம் மருந்துத் தொழிற்சாலையையே நோக்கியிருந்தது. 1990களின் பிற்பாதியில் ஊட்டியிலும் மைசூரிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் மருந்தியல் நடைமுறையில் முதுகலைப் படிப்பைத் தொடங்கி, மாணவர்களை மருத்துவமனைக்கு அனுப்பின. 2008-இல் இந்திய மருந்தியல் மன்றம் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பைக் கொண்டுவந்தது. அதன் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி: ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதத்தில் மூன்று சிறப்புத் துறைகளில் இரண்டிரண்டு மாதம். குழந்தைகள் பிரிவு அந்தச் சிறப்புத் துறைகளுள் ஒன்றாக இருக்கலாம். ஒரு மாணவர் இரண்டு மாதம் குழந்தைகள் வார்டிலேயே நிற்பது சிறிய வாய்ப்பன்று. நாள் கணக்கில் பார்த்தால் பல நாடுகளைவிடத் தாராளம். குறை வேறிடத்தில். பயிற்சி முடித்து வெளியே வந்தவருக்கு மருத்துவமனையில் உரிய பதவி இல்லை. 2021-இல் திருத்திய விதிகள்தான் மருத்துவமனை வார்டு மருந்தாளர் என்ற பணியைப் பெயரளவில் சேர்த்தன. பெயர் வந்தது, அரசு மருத்துவமனைகளில் அதற்கேற்ற பணியிடங்கள் வர வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற நெரிசலான இடங்களில் வார்டுக்கு ஒரு மருந்தாளர் இருந்தால் கிடைக்கும் நன்மை, பாஸ்டனில் கண்டதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்தியாவில் பயிற்சிக் காலம் நீளம், பணியிடம் குறைவு. சிங்கப்பூரில் பணியிடமும் ஒழுங்கும் உண்டு, சிறார் படுக்கைகள் குறைவு. ஒருவரிடம் மற்றவர் கற்க நிறைய இருக்கிறது.

இடம் போதாமைக்குச் செயற்கைப் பொம்மைகளும் கணினி ஒத்திகைகளும் மருந்தாகச் சொல்லப்படுகின்றன. பத்து மடங்குப் பிழையை யாருக்கும் தீங்கில்லாமல் செய்து பார்த்துக் கற்க அவை நல்லவை. உயிர்மீட்புச் சிகிச்சையின்போது மருந்து தயாரிப்பதை ஒத்திகையிலேயே முதலில் பழக வேண்டும். ஆனால் கசப்பு மருந்தைத் துப்பும் மூன்று வயதுப் பிள்ளையும், மூன்று இரவு தூங்காத தந்தையும், பேரனுக்காக நாட்டு மருந்தைக் கைப்பைக்குள் மறைத்து வைத்திருக்கும் பாட்டியும் ஒத்திகை அறையில் இருக்க மாட்டார்கள். வார்டுக்கு முன்னால் ஒத்திகை வேண்டும். வார்டுக்குப் பதிலாக அது ஆகாது.

விருப்பமுள்ள சில மாணவர்கள் நீண்டகாலம் சிறார் பிரிவில் பயின்று நிபுணர்களாக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அமெரிக்கா 2015 முதல் சிறார் மருந்தாளர்களுக்குத் தனிச் சான்றிதழ்த் தேர்வே நடத்துகிறது. என் வாதம் மற்ற மாணவர்களைப் பற்றியது. பின்னாளில் அடுக்குமாடி வட்டாரத்து மருந்துக் கடையிலோ பலதுறை மருந்தகத்திலோ நிற்கப்போகிற அவர்களிடம்தான் பெரும்பாலான தாய்மார்கள் பாரசிட்டமாலும் இருமல் மருந்தும் வாங்கப் போகிறார்கள். நிபுணரைப் பார்க்கும் குழந்தைகள் சிலரே. ஆகவே நிபுணராகப் போகிற சிலருக்கு நீண்ட பயிற்சி என்பதோடு நின்றுவிடாமல், பதிவு பெறப்போகும் ஒவ்வொருவருக்கும் சிறார் வார்டில் இரண்டு வாரமாவது கட்டாயம் என்று வகுக்க வேண்டும். கேகேயும் கெண்ட் ரிட்ஜும் போதாவிட்டால் சிறார் வெளிநோயாளர் மருந்தகங்களையும் பலதுறை மருந்தகங்களின் தடுப்பூசி நாட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கழித்த மணி நேரத்தை எண்ணித் தேர்ச்சி தராமல், எடையைக் கேட்டாரா, கணக்கைத் தனியே போட்டாரா, தாயைத் திருப்பிச் செய்து காட்டச் சொன்னாரா என்று பார்த்துத் தேர்ச்சி தர வேண்டும். பயிற்றும் மருந்தாளரின் நேரத்துக்கு மருத்துவமனையும் அமைச்சும் பணம் ஒதுக்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது வீட்டில் கொடுக்கும் எல்லாப் புட்டிகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வந்த சொட்டு மருந்து, நாட்டு மருந்து, கண்மை உட்பட. பயிற்சி மாணவர் ஒருவர் வந்து நீங்கள் ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொன்னதையே மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் எடை எத்தனை கிலோ என்று அவர் கேட்காவிட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள்.